கூடை அப்புறம், முதலில் பையன்

சிங்கப்பூரில் வேலை பார்க்கும் வாசகி ஒருவர் ஏழு பக்கத்துக்கு எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியும் விவரங்களை நீக்கிவிட்டுச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

அவருக்குச் சொந்த ஊர் தமிழகத்தின் வட மாவட்டம் ஒன்றில். ஊர் ஏரிக்கரைப் புறம்போக்கில் முப்பது சொச்சம் இருளர் குடும்பங்கள். போன தடவை ஊருக்கு வந்தபோது, அங்கே தனக்குப் பழக்கமான வீட்டில் பதினோரு வயதுப் பையனைக் காணவில்லை என்று விசாரித்திருக்கிறார். அப்பாவின் வைத்தியத்துக்கு வாங்கிய 15,000 ரூபாய்க்கு ஈடாக, ஆடு மேய்க்க டெல்டா பக்கம் அனுப்பியிருக்கிறார்கள். போய்ப் பதினான்கு மாதம் ஆகிறது. 'அனுப்பினோம்' என்றுதான் அந்த அம்மா சொன்னாராம். 'அடகு' என்ற சொல்லைப் பக்கத்து வீட்டுப் பாட்டிதான் சொல்லியிருக்கிறார்.

வாசகியிடம் ஒரு திட்டம் இருக்கிறது. தன் கைக்காசில் 15,000 ரூபாயைக் கொடுத்துப் பையனை மீட்பது. அப்புறம் அந்தக் குடியிருப்பிலேயே ஒரு கொட்டகை போட்டு, பனையோலைக் கூடையும் சுடுமண் மணியும் செய்யக் கற்றுக்கொடுப்பது. பகலில் தாய்மார்கள், மாலை ஆறு முதல் எட்டரை வரை பிள்ளைகள். ஒவ்வொரு தாய்க்கும் தொடக்கத்தில் 5,000 ரூபாய் முன்பணம். மூன்று வருடத்துக்குப் பொருளை வாசகிக்கும் அவர் நண்பர்களுக்கும் மட்டும்தான் தர வேண்டும், கூடைக்கு 60 ரூபாய். தீபாவளி நேரத்தில் சிங்கப்பூரில் கடை போட்டு விற்பது. ஒவ்வொரு கூடையிலும் அதைச் செய்த குழந்தையின் படமும் கதையும் ஒரு அட்டையில் தொங்கும். நண்பர்கள் சேர்ந்து நான்கு லட்சம் வரை தரத் தயார். வருகிற பொங்கலுக்குத் திறப்பு விழா.

அவர் கேட்பது மூன்று: இதற்கு டிரஸ்ட் பதிவு செய்ய வேண்டுமா? பத்திரம் எதுவும் இல்லாதபோது இது கொத்தடிமை வழக்கு ஆகுமா? 'போலீஸ், கோர்ட் என்று போகாமல் சுமுகமாக முடித்துவிடலாம் அல்லவா?'

*

அன்புள்ள சகோதரி,

வீட்டில் ஒரு பிள்ளை குறைகிறது என்பதைக் கவனித்து, ஏன் என்று கேட்டீர்கள். அந்த ஊரில் தினமும் நடமாடுகிற பலர் கேட்கவில்லை. அதனால் உங்கள் திட்டத்தில் பாதியை நான் அடித்துத் திருத்தப் போகிறேன் என்றால், அக்கறையைக் குறை சொல்வதாக எடுத்துக்கொள்ள மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

வரிசையை மாற்றுங்கள். டிரஸ்டும் கொட்டகையும் கடைசியில் வரட்டும்.

அந்த 15,000 ரூபாயை யாரும் தர வேண்டியதில்லை

கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976இல் நிறைவேறியது, நடைமுறைக்கு வந்தது 1975 அக்டோபர் 25 முதல். அதன்படி, ஆள் உழைப்பை ஈடாக வைத்து வாங்கிய கடன் சட்டத்தின் கண்ணில் செத்த கடன். 6ஆம் பிரிவு அதைத் திருப்பிக் கொடுக்கும் கடமையையே நீக்கிவிடுகிறது. 9ஆம் பிரிவு இன்னும் ஒரு படி மேலே போகிறது. செத்த கடனுக்கென்று பணத்தை வாங்கிக்கொள்வதே குற்றம், மூன்று ஆண்டு வரை சிறை. நீங்கள் நல்ல மனதோடு நீட்டும் பணத்தை ஆட்டுக்காரர் வாங்கினால், அவர் இன்னொரு குற்றம் செய்கிறார். நடைமுறையில் என்ன ஆகும் தெரியுமா? அந்தப் பணம் அடுத்த வாரமே வேறொரு ஏரிக்கரையில் வேறொரு பையனுக்கு முன்பணமாகப் போய்ச் சேரும்.

தவிர, 15,000 என்பது உங்களுக்குச் சொல்லப்பட்ட தொகைதான். இப்படியொரு வழக்கில் முதலாளியின் பாக்கெட் நோட்டைப் பார்த்திருக்கிறேன். பால்பாயிண்ட் பேனாவில் வரிசையாக எழுதியிருந்தது: பொங்கல் துணி 450, காய்ச்சல் ஊசி 200, அம்மா வந்தபோது பஸ்ஸுக்கு 300, 'குட்டி செத்தது' 4,000. நரி தூக்கிப்போன ஆட்டுக்குட்டியின் விலை, காவலுக்கு இருந்த பத்து வயதுப் பையனின் கணக்கில் ஏறியிருந்தது. ஒன்றரை வருடம் வேலை செய்த பிறகு, வாங்கியதைவிடக் கடன் கூடுதலாக நின்றது. இந்தக் கணக்கை யாராலும் அடைத்து முடிக்க முடியாது.

'பத்திரம் இல்லையே, பெற்றோர் சம்மதித்துத்தானே அனுப்பினார்கள்' என்று தயங்கியிருக்கிறீர்கள். இரண்டுமே தடை இல்லை. இது கொத்தடிமைக் கடன் அல்ல என்று நிரூபிக்கும் பொறுப்பை 15ஆம் பிரிவு கடன் கொடுத்தவர் தலையில்தான் வைக்கிறது. பந்துவா முக்தி மோர்ச்சா வழக்கில் உச்ச நீதிமன்றம், கட்டாய உழைப்பு நடக்கிறது என்று தெரிந்தாலே பின்னால் முன்பணம் இருப்பதாக அனுமானிக்கலாம் என்றது. சம்மதத்தைப் பற்றி 1982லேயே, ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் பேசிவிட்டார்கள். வறுமை நெருக்கி, குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே ஒருவரை வேலை செய்ய வைத்தால், அரசியல் சட்டத்தின் 23ஆம் கூறு தடை செய்யும் கட்டாய உழைப்புதான் அது. பதினோரு வயதுப் பிள்ளை விஷயத்தில் சம்மதம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

சரி, சுமுகமாக முடித்தால் என்ன நஷ்டம்? விடுதலைச் சான்றிதழ் கிடைக்காது. கோட்டாட்சியர் விசாரித்துக் கையெழுத்துப் போடும் அந்த ஒற்றைத் தாள்தான், கடன் ஒழிந்தது என்பதற்குக் குடும்பத்தின் கையில் இருக்கும் ஆதாரம். மத்திய அரசின் மறுவாழ்வுத் திட்டமும் அதை வைத்துத்தான் நகரும். உடனடி உதவியாக 30,000 ரூபாய் வரை கிடைக்கும். மீட்கப்பட்டவர் குழந்தை என்றால் மறுவாழ்வுத் தொகை இரண்டு லட்சம், கொடுமை அதிகமான வழக்குகளில் மூன்று லட்சம். ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். முழுத் தொகை வழக்கின் போக்கோடு பிணைந்தது, சீக்கிரம் வராது. அந்த அம்மாவிடம் தேதி எதுவும் சொல்லிவிடாதீர்கள்.

செய்ய வேண்டியது இதுதான். பெற்றோரில் ஒருவர் பெயரில், பையன் வேலை செய்யும் மாவட்டத்தின் ஆட்சியருக்கும் கோட்டாட்சியருக்கும் மனு. நகல் அங்குள்ள மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு. அங்கே வழக்கறிஞர் உதவி இலவசம். அவசரம் என்றால் குழந்தைகள் உதவி எண் 1098. மீட்ட பிறகு பையனை 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவின் முன் நிறுத்த வேண்டும். அங்கே நாலு நாள் தங்கவைத்தால் 'மறுபடியும் பிடித்துக்கொண்டார்கள்' என்று தாய் பதறுவார். அந்த நேரத்தில் பக்கத்தில் இருந்து விளக்கிச் சொல்ல ஒருவர் வேண்டும். உங்கள் ஊரில் இருக்கும் உறவினர் யாராவது போகலாம்.

நீங்களே கார் எடுத்துக்கொண்டு தேடிப் போகாதீர்கள். ஆட்டுக் கிடை ஓரிடத்தில் நிற்பதில்லை. அறுவடை முடிந்த வயலில் எருவுக்காக நாலைந்து ராத்திரி கிடை போடுவார்கள், அப்புறம் அடுத்த ஊர். விசாரிக்கிறார்கள் என்ற பேச்சு கசிந்தால், பையனை வேறு கிடைக்கு மாற்ற ஒரு பைக் போதும்.

பிள்ளைகள் கையில் ஓலை வேண்டாம்

மாலையில் இரண்டரை மணி நேரம், பள்ளி கெடாது, சம்பாத்தியம் அவர்கள் பெயரிலேயே வங்கியில் போடப்படும், ஆகவே தவறில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். குடும்பத் தொழிலில் பிள்ளை உதவலாம் என்று சட்டம் சொல்வதாகவும் கேள்விப்பட்டிருக்கிறீர்கள். குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 2016 திருத்தத்தில் அந்த விலக்கு இருப்பது உண்மைதான். ஆனால் 2017இல் வந்த விதிகள் அதை இறுக்கிக் கட்டிவிட்டன. பள்ளி நேரத்திலும், இரவு ஏழு முதல் காலை எட்டு வரையிலும் கூடாது. முக்கியமாக, பிள்ளைக்கோ குடும்பத்துக்கோ வருமானம் தரும் உற்பத்தி, சப்ளை, விற்பனைச் சங்கிலியின் எந்தக் கட்டத்திலும் அந்த உதவி இருக்கக் கூடாது. உங்கள் கூடை ஏரிக்கரையில் தொடங்கிச் சிங்கப்பூர்க் கடையில் முடிகிறது. அது அச்சு அசலாக அந்தச் சங்கிலிதான். அதோடு நீங்கள் அவர்கள் குடும்பமும் இல்லை. 14 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளையை வேலைக்கு வைத்தால் ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை சிறையோ, 20,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ வரும்.

பிள்ளைகளுக்குக் கைவேலை கற்றுக்கொடுக்கவே கூடாது என்று சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை விளையாட்டாகக் கற்றுக்கொள்ளட்டும். செய்த கிளியும் கிலுகிலுப்பையும் அவர்கள் வீட்டிலேயே தொங்கட்டும். விற்பனைக்கு வராத வரை அது கலை வகுப்பு.

ஆனால் எனக்குக் கவலை மாலை வகுப்பைவிடத் தாய்மார்களின் பீஸ் ரேட்டில்தான் அதிகம். வேலூர்ப் பக்கம் பீடி சுற்றும் வீடுகளுக்கு வழக்கு விஷயமாகப் போயிருக்கிறேன். முறம் அம்மா மடியில்தான் இருக்கும். பேச்சுக்கு நடுவே பார்த்தால், பக்கத்தில் உட்கார்ந்த பெண் குழந்தை கண்ணை எடுக்காமல் நூல் கட்டிக்கொண்டிருக்கும். யாரும் அதை வேலை என்று நினைப்பதில்லை. வெள்ளிக்கிழமைக்குள் 200 கூடை என்று நீங்கள் மெசேஜ் அனுப்பினால் இங்கேயும் அதுதான் நடக்கும். அதற்கு நான் சொல்லும் வழி கொஞ்சம் கறாரானது. ஓலையை வீட்டுக்குக் கொடுத்தனுப்பாதீர்கள், வேலை கொட்டகையில் மட்டும். கைக்குழந்தை இருந்தால் அங்கேயே தூளி கட்டிக்கொள்ளட்டும். பழகிய ஒரு பெண் ஐந்து மணி நேரத்தில் எத்தனை முடிக்கிறார் என்று பக்கத்தில் இருந்து எண்ணிப் பாருங்கள். அதற்கு மேல் யார் கொண்டுவந்தாலும் வாங்காதீர்கள். அந்த ஐந்து மணி நேரத்துக்கு அரசு நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலி எவ்வளவு வருகிறதோ, அதிலிருந்து ஒரு கூடையின் கூலியைக் கணக்கிடுங்கள். 60 ரூபாய் எங்கிருந்து வந்தது என்று நீங்கள் எழுதவில்லை. கடை விலையிலிருந்து பின்னோக்கிக் கழித்து வந்த எண் என்றே படுகிறது.

உங்கள் முன்பணமும் முன்பணம்தான்

இதைச் சொல்லச் சங்கடமாக இருக்கிறது. ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். கொத்தடிமை என்றால் யார் என்பதற்குச் சட்டம் ஒரு வரையறை வைத்திருக்கிறது. முன்பணம் வாங்கியதற்காக ஒருவர் நான்கில் ஏதாவது ஒன்றை இழந்தால் போதும். முறையான கூலி ஒன்று (கூலியே இல்லை, அல்லது பெயருக்குத்தான் என்றால்). வேறு வேலைக்குப் போகும் உரிமை இரண்டு. வேறு இடத்துக்குப் போகும் உரிமை மூன்று. நான்காவதைப் பலரும் கவனிப்பதில்லை: தன் உழைப்பில் விளைந்த பொருளைச் சந்தை விலைக்கு விற்கும் உரிமை.

இப்போது உங்கள் திட்டத்தைப் படியுங்கள். 5,000 ரூபாய் முன்பணம். மூன்று வருடம் வேறு யாருக்கும் விற்கக் கூடாது. விலை 60, நீங்கள் வைத்தது. சூளைக்காரரும் இதைத்தான் செய்கிறார், அவர் கையில் கூடைக்குப் பதில் செங்கல். நீங்கள் அந்த நோக்கத்தில் எழுதவில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் முன்பணம் வாங்கியே பழகிய குடும்பத்துக்கு, அக்கா கொடுத்த 5,000 என்பது அடுத்த கட்டு என்றே புரியும். உங்கள் கூடை பிடிக்காவிட்டாலும் வாய் திறந்து சொல்ல மாட்டார்கள்.

ஆகவே முன்பணம் கூடாது. ஓலை, சாயம், ஊசி எல்லாம் உங்கள் செலவு, யார் கணக்கிலும் ஏறாது. பொருள் கைமாறும் அன்றே கூலி, அந்தப் பெண்ணின் வங்கிக் கணக்கில். யார் வேண்டுமானாலும் யாருக்கு வேண்டுமானாலும் விற்கலாம். அவசரத்துக்குக் கடன் தேவைப்படும், அது நிச்சயம். அதை நீங்கள் கொடுக்காமல், மகளிர் திட்டத்தின் கீழ் ஒரு சுய உதவிக் குழுவாக அவர்களைச் சேர்த்து, குழுவின் சேமிப்பிலிருந்தும் வங்கியிலிருந்தும் வாங்கப் பழக்குங்கள். குழுவாகிவிட்டால் மாவட்டத் தலைநகரிலுள்ள பூமாலை வளாகத்தில் விற்கவும் வழி பிறக்கும். சிங்கப்பூரை மட்டும் நம்பி இருக்க வேண்டாம்.

பொங்கலுக்குத் திறக்காதீர்கள்

சில வருடங்களுக்கு முன் ஒரு தொண்டு அமைப்பு கட்டிய தையல் கூடத்தை மாசி மாதத்தில் போய்ப் பார்த்தேன். ஒரு டஜன் மெஷின், எல்லாவற்றின் மீதும் சாக்கு போர்த்தியிருந்தது. ஊரில் கிழவிகளைத் தவிர ஆள் இல்லை. பொங்கல் முடிந்ததும் குடும்பம் குடும்பமாகச் சூளைக்குப் போய்விட்டார்கள், மழை வந்தால்தான் திரும்புவார்கள். திறப்பு விழாப் படங்கள் மட்டும் சுவரில் இருந்தன.

கடன் உருவாவது அதற்கு முந்தைய மாதங்களில். ஐப்பசி, கார்த்திகையில் மழை, கூலி வேலை இல்லை, வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல். அப்போதுதான் சூளைக்கு ஆள் பிடிக்கும் மேஸ்திரி முன்பணத்தோடு வாசலில் வந்து நிற்பார். உங்கள் கூலி அந்த இரண்டு மூன்று மாதத்தில் தவறாமல் கைக்கு வர வேண்டும். மழையில் ஓலை காயாது, பூஞ்சை பிடிக்கும். எனவே வெயில் காலத்திலேயே காயவைத்து, நனையாத இடத்தில் கட்டி வைக்க வேண்டும். தீபாவளிச் சரக்கை முன்கூட்டியே வாங்கி முடித்துவிட்டு, மழை மாதத்தில் வேலை இல்லை என்று சொன்னால், கைவிடவே கூடாத நேரத்தில் கையை விடுகிறீர்கள்.

கூடைதான் வேண்டுமா என்றும் அவர்களையே கேளுங்கள். பனையோலை உங்கள் மனதில் வந்த பொருள். செங்கல்பட்டுப் பக்கம் வடநெம்மேலியில் 1978 முதல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் நடக்கிறது. தோல் வியாபாரம் தடையாகி வாழ்வாதாரம் போனபோது, அவர்களுக்கு ஏற்கெனவே கைவந்த வித்தையை வைத்தே, அரசு அனுமதியோடு, விஷமுறிவு மருந்துக்கு விஷம் எடுத்துக் கொடுக்கும் தொழிலாக மாற்றினார்கள். 2023இல் பத்மஸ்ரீ வாங்கிய வடிவேல் கோபாலும் மாசி சடையனும் அந்தச் சமூகத்தினர்தான். உங்கள் ஏரிக்கரைப் பெண்களுக்கு மூலிகை தெரிந்திருக்கலாம், மீன் தெரிந்திருக்கலாம். அவர்கள் முதலில் கேட்பது சாதிச் சான்றிதழாகவும் மனைப்பட்டாவாகவும் இருந்தால் ஆச்சரியப்படாதீர்கள். பழங்குடிச் சான்றிதழுக்காகக் கோட்டாட்சியர் அலுவலகத்துக்கு ஒருவர் துணையாக நடப்பது, கொட்டகை போடுவதைவிட அந்தக் குடும்பங்களுக்குப் பெரிய உதவி.

நான்கு லட்சம் எப்படி வரலாம்

இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் நண்பர் தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி மூலம் அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. சிங்கப்பூர்க் குடியுரிமை வாங்கியவர் அனுப்பினால், அவர் பிறந்தது மன்னார்குடியாக இருந்தாலும், இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டை வைத்திருந்தாலும், அது வெளிநாட்டுப் பணம்தான். வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தில் (எஃப்சிஆர்ஏ) பதிவோ முன் அனுமதியோ இல்லாத டிரஸ்ட் அதைத் தொடக் கூடாது. புதிதாகத் தொடங்கிய டிரஸ்டுக்கு அந்தப் பதிவு கிடைக்காது, குறைந்தது மூன்று ஆண்டு செயல்பட்டிருக்க வேண்டும். சிங்கப்பூரில் பொதுமக்களிடம் 'இந்தியப் பிள்ளைகளுக்காக' என்று நிதி கேட்டால், அங்குள்ள அறக்கட்டளை ஆணையரின் அனுமதியும் தேவை.

ஆனால் பொருளுக்கு விலை கொடுப்பது நன்கொடை அல்ல. வழக்கமான வியாபாரமாகப் பொருள் வாங்கி, அதற்குரிய பணம் கொடுத்தால் எஃப்சிஆர்ஏ குறுக்கே வராது. அதனால் என் யோசனை, நீங்கள் புரவலராக வேண்டாம், வாங்குபவராக இருங்கள். குழுவிடமிருந்து கூடையை நியாய விலைக்கு வாங்குங்கள். ஏற்றுமதிக்கு ஐஇசி எனும் ஏற்றுமதி-இறக்குமதிக் குறியீட்டு எண் எடுக்க வேண்டும், அது ஆன்லைனில் முடிகிற வேலை. டிரஸ்ட் இப்போதைக்குத் தேவையே இல்லை. பிள்ளைகள் இரவு தங்க ஏற்பாடு செய்யும் எண்ணம் பின்னால் வந்தால் மட்டும் என்னைக் கேட்காமல் தொடங்காதீர்கள். இளைஞர் நீதிச் சட்டத்தில் பதிவு இல்லாமல் அப்படி நடத்துவது குற்றம்.

கூடையில் தொங்கும் அட்டை? படம், பெயர், ஊர், கதை எதுவும் கூடாது. மீட்கப்பட்ட குழந்தையின் அடையாளத்தை எந்த வடிவில் வெளியிட்டாலும் அதே சட்டத்தின் 74ஆம் பிரிவு வரும், ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டு லட்சம் வரை அபராதம். சட்டத்தை விடுங்கள். இருபது வயதில் அந்தப் பையன் வேலை தேடிப் போகும்போது, 'ஆட்டுக்கு அடகு வைக்கப்பட்டவன்' என்ற அட்டை யாரோ ஒருவர் அலமாரியில் இருக்க வேண்டுமா? கூடை நன்றாக இருந்தால் அதன் பின்னலைப் பார்த்தே வாங்குவார்கள்.

கொட்டகைக்கு இன்னும் ஒரு வருடம் இருக்கிறது. மனுவுக்கு அவ்வளவு நாள் இல்லை. அடுத்த முறை அந்த அம்மாவிடம் பேசும்போது ஒன்றை மட்டும் கேட்டு எழுதி வையுங்கள்: பையன் கடைசியாக அவரோடு போனில் பேசியபோது எந்த எண்ணிலிருந்து அழைத்தான், என்றைக்கு. கிடை இப்போது எந்தப் பக்கம் நிற்கிறது என்பதைக் கண்டுபிடிக்க அந்த எண்தான் அதிகாரிகளுக்கு உதவும். நீங்கள் அந்த எண்ணை அழைத்துவிடாதீர்கள்.